டி-ஷர்ட்டில் எழுதினால் தைரியம் வருமா? கடையில் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

இராமநாதபுரத்தில் சின்னதாக ஓர் அச்சுக்கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பிளெக்ஸ், அடையாள அட்டை எல்லாம் உண்டு என்றாலும் கடை வாடகையைக் கட்டுவது டி-ஷர்ட்தான். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரைக்கும், கிழக்கே இராமேசுவரம் வரைக்கும் கரையோர ஊர்களிலிருந்து ஆர்டர் வருகிறது. முன்பெல்லாம் இருபது, முப்பது என்று மொத்தமாக வரும். கபடி அணி, அம்மன் கோயில் திருவிழா, ஏர்வாடிச் சந்தனக்கூடு, வேர்க்காடு சந்தியாகப்பர் திருவிழா என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும்.

இப்போது ஒரே ஒரு சட்டைக்காகத் தனி ஆட்கள் வருகிறார்கள். ‘யாருக்கும் சளைத்தவன் இல்லை’, ‘எனக்கு நானே போதும்’, ‘பயம் என்னைக் கண்டால் பயப்படும்’ என்று எழுதித் தரச் சொல்கிறார்கள். பணத்தை எடுப்பதற்கு முன் ஒரு சந்தேகமும் கேட்கிறார்கள். கேட்பவர்தான் மாறுகிறாரே தவிர சந்தேகம் மாறுவதில்லை. மின்சாரம் நின்றுபோன ஒரு மதியத்தில் இதை எழுத உட்கார்ந்தேன்.

1. அணிப் பெயர் போட்டதும் எழுத்துப் போட்ட சட்டைதானே அக்கா? இதில் என்ன தனியாக இருக்கிறது?

அச்சடிக்கிற எனக்கு அதே மை, அதே துணிதான். போடுகிறவருக்கு அப்படியில்லை. அணிப் பெயரும் கட்சிச் சின்னமும் திருவிழா ஆண்டும் ‘நான் இன்னாரைச் சேர்ந்தவன்’ என்கின்றன. யாராவது வம்புக்கு வந்தால் அதே சட்டை போட்ட இருபது பேர் கூட நிற்பார்கள். ‘எனக்குப் பயமில்லை’ என்ற சட்டைக்குப் போட்டவர் ஒருவர்தான் ஜாமீன்.

இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ரகமும் உண்டு. 2020 செப்டம்பரில் ‘இந்தி தெரியாது போடா’ சட்டை பரவியபோது திருப்பூரில் ஆர்டர் குவிந்தது. இங்கிலாந்தில் காதரின் ஹாம்னெட் என்ற ஆடை வடிவமைப்பாளர் 1984இல் ஏவுகணை எதிர்ப்பு வாசகத்தைக் கொட்டை எழுத்தில் அணிந்துகொண்டு போய்ப் பிரதமர் தாட்சருடன் கைகுலுக்கினார். அவையெல்லாம் எதிரில் நிற்பவருக்காக எழுதியவை. தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் சட்டை மட்டும்தான் இங்கே பேச்சு.

2. போட்டால் தைரியம் வருமா, வராதா? ஒரு வார்த்தையில் சொல்லுங்கள்.

வரும். எவ்வளவு நேரம் தங்கும் என்று கேட்டால்தான் பதில் நீள்கிறது.

ஹாயோ ஆடம், ஆடம் கலின்ஸ்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்து 2012இல் வெளியிட்டார்கள். ஒரே வெள்ளைக் கோட்டுதான். ‘இது டாக்டர் கோட்டு’ என்று சொல்லிப் போடவைத்தவர்களுக்குக் கவனம் கூர்மையாக இருந்தது. ‘இது ஓவியர் கோட்டு’ என்று சொன்னவர்களிடம் அந்தக் கூர்மை இல்லை. துணியை விட, அதைப் பற்றி மனத்தில் இருப்பதுதான் வேலை செய்தது என்றார்கள். 2019இல் வேறு சிலர் அதே கட்டுரையின் ஒரு சோதனையை அதிகம் பேரை வைத்துத் திரும்பச் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே யாராவது ‘இது விஞ்ஞானப்படி நிரூபணம்’ என்று சொல்லிச் சட்டை விற்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கடைப்படி இறங்கும்போது நடை மாறத்தான் செய்கிறது. ஆனால் பொங்கல் அன்று காலையில் தெருவில் நில்லுங்கள். எழுத்தே இல்லாத புதுச்சட்டை போட்டவர்களும் அப்படித்தான் நடக்கிறார்கள்.

3. நெஞ்சில் இருப்பதை நான் எப்படி அக்கா படிப்பது? குனிந்தால் தலைகீழ், கண்ணாடியில் இடம் வலம் மாறி வருகிறதே?

இத்தனை வருடத் தொழிலில் எனக்கே தோன்றாத கேள்வி இது. உச்சிப்புளிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு நர்சிங் மாணவிதான் முதலில் கேட்டாள். ‘எனக்குத் தைரியம் வேண்டும் என்று எழுதுகிறேன். ஊரே அதை நேராகப் படிக்கும். நான் ஒருத்திதான் படிக்க முடியாது’ என்றாள். இரண்டு நிமிடம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் அவள் கேட்டபடி, சட்டையின் கீழ் விளிம்பில் உள்பக்கமாக அச்சடித்தோம். விளிம்பைக் கையால் தூக்கிப் பார்த்தால் அவளுக்கு மட்டும் நேராகத் தெரியும். எழுதியது மூன்றே சொல்: ‘முதல் ஊசி போட்டாயிற்று’. வெளியிலிருந்து பார்த்தால் அது வெறும் நீலச் சட்டை.

அன்று முதல் யார் வந்தாலும் ‘யார் படிப்பதற்கு?’ என்றுதான் முதலில் கேட்கிறேன். எதிரில் வருபவர் என்றால் நெஞ்சு. வரிசையில் பின்னால் நிற்பவர் என்றால் முதுகு. ரேஷன் கடையில் அதற்கு வாசகர்கள் அதிகம். உங்களுக்கே என்றால் விளிம்பு அல்லது முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டு. முதுகில் தன்னம்பிக்கை வாசகம் கேட்பவர்கள்தான் எனக்குப் புரியாதவர்கள்.

4. போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் எல்லோரும் என்னையே பார்ப்பார்களே?

பார்க்கமாட்டார்கள். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் கூட இரண்டு பேரும் இதைச் சோதித்து 2000ஆம் ஆண்டில் எழுதினார்கள். ஒரு பாடகரின் படம் போட்ட, மாணவர்கள் அணியக் கூச்சப்படும் டி-ஷர்ட்டை ஒருவருக்குப் போட்டுவிட்டு, மற்ற மாணவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். ‘எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?’ என்று கேட்டால் போட்டவர்கள் சராசரியாகப் பாதிப் பேர் என்றார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசி. கூச்சமில்லாமல், விருப்பமானவர்களின் படம் போட்ட சட்டையோடு அனுப்பியபோதும் போட்டவர்களின் கணக்கு அதே பாதிதான். கவனித்தது பத்தில் ஒருவர் கூட இல்லை. பெருமையாக அணிவதையும் யாரும் பார்ப்பதில்லை என்பது கூச்சக்காரர்களுக்கு நல்ல செய்தி. வாசகம் அடிக்கிற எனக்குக் கெட்ட செய்தி.

ஒரு திருத்தமும் சொல்லவேண்டும். கார்னெலில் அந்த அறையில் யாருக்கும் அத்தை கிடையாது. இராமநாதபுரம் பஸ் நிலையத்தில் உங்களை யாரும் பார்க்கமாட்டார்கள். தங்கச்சிமடத்தில் இறங்கினீர்களானால் கால்வாசிக் கணக்கு செல்லாது. நீங்கள் வீடு போய்ச் சேர்வதற்குள் சட்டையில் என்ன எழுதியிருந்தது என்பது சேர்ந்திருக்கும்.

5. நம்பிக்கை இல்லாதவன்தான் எழுதிப் போட்டுக்கொள்வான் என்று என் மாமா சிரிக்கிறார். உண்மையா?

மாமா சொல்வது பாதி சரி. விக்லண்ட், கோல்விட்சர் என்ற இரு உளவியலாளர்கள் 1982இல் எழுதியதும் ஏறக்குறைய அதுதான். ஏதாவது ஓர் ஆளாக ஆகவேண்டும் என்று தீவிரமாக ஆசைப்பட்டு, இன்னும் ஆகாமல் இருப்பவர்கள் அதன் அடையாளங்களை அதிகம் தேடிச் சேர்க்கிறார்கள் என்கிறார்கள். கடையில் இதைப் பஞ்சாங்கம் போலப் பார்க்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுப் பையன்கள் கரையில் இருப்பார்கள். ‘கடலுக்கு ராஜா’, ‘அலைக்கு அஞ்சாதவன்’ ஆர்டரெல்லாம் அந்த இரண்டு மாதத்தில்தான் வரும். கடலுக்குள் போக ஆரம்பித்துவிட்டால் ஒருவனும் கடைப்பக்கம் வருவதில்லை. பாக்கியையும் தருவதில்லை.

ஆனால் மாமாவிடம் ஒன்று கேளுங்கள். நம் கரையில் படகுக்கு எழுதுகிறோமே, அது என்ன? ‘மாதா துணை’, ‘முனியசாமி துணை’, ‘அல்லாஹ் துணை’ என்று அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், எழுதாத படகு எத்தனை இருக்கிறது? அதைப் பார்த்து யாரும் ‘இவனுக்கு நம்பிக்கை இல்லை’ என்று சிரிப்பதில்லை. காற்று எப்போது திரும்பும் என்று தெரியாத இடத்துக்குப் போகிறவன் எதையாவது எழுதிக்கொண்டு போகிறான், அவ்வளவுதான். படகில் ‘துணை’ என்ற சொல் இருக்கிறது, டி-ஷர்ட்டில் இல்லை. அந்த ஒரு வித்தியாசத்தை மாமா சொன்னாரானால் ஒத்துக்கொள்கிறேன்.

6. ‘நான் அழகு’ என்று எழுதிப் போட்டுக்கொண்டே இருந்தால் நமக்கே அந்த எண்ணம் வந்துவிடும் என்கிறாளே தங்கை?

வருகிறவர்களுக்கு வரும். ஏற்கெனவே ஓரளவு அப்படி நினைப்பவர்களுக்கு. கனடாவில் ஜோஆன் வுட் என்ற பேராசிரியரும் உடனிருந்தவர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ‘நான் அன்புக்குரிய ஆள்’ என்ற வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார்கள். தன்னைப் பற்றி நல்ல எண்ணம் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் தெம்பு கூடியது. தன்னைக் குறைவாக நினைத்தவர்களுக்கு, சொல்லாமல் இருந்தவர்களை விட மனம் வாடியது. காரணத்தை யோசித்தால் புரிகிறது. வாய் ஒன்று சொல்ல, உள்ளே ஒரு குரல் ‘அப்படியா?’ என்று கேட்கிறது. மருந்து யாருக்குத் தேவையோ அவர்களுக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

நூறு வருடத்துக்கு முன்பே பிரான்சில் எமில் கூவே என்ற மருந்துக்கடைக்காரர் இதைக் கொஞ்சம் சாமர்த்தியமாகச் செய்தார். ‘நான் நலம்’ என்று சொல்லச் சொல்லவில்லை. நாளுக்கு நாள் மேலும் தேறி வருகிறேன் என்று காலையும் மாலையும் சொல்லச் சொன்னார். ‘தேறி வருகிறேன்’ என்பதை உள்ளே இருக்கும் குரலால் சட்டென்று மறுக்க முடியாது. தங்கைக்கு எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் அடுத்த பதிலையும் படிக்கச் சொல்லுங்கள்.

7. அப்படியானால் என்னதான் எழுதுவது? நீங்களே ஒன்று சொல்லுங்கள் அக்கா.

நான் சொன்னால் அது என் வாசகம் ஆகிவிடும். ஒரே ஒரு வழி சொல்கிறேன்: எப்படிப்பட்டவர் என்று எழுதாதீர்கள், நடந்தது ஒன்றை எழுதுங்கள். ‘முதல் ஊசி போட்டாயிற்று’ என்பதை யார் மறுக்க முடியும்? ஊசி போட்டது போட்டதுதான். அந்தப் பெண்ணுக்கே அடுத்த நாள் கை நடுங்கினாலும் சட்டை பொய்யாகாது.

தேவிபட்டினத்திலிருந்து வந்த ஒரு பையன் ‘எனக்குத் தோல்வியே கிடையாது’ என்று எழுதக் கேட்டான். ‘இதுவரை எதில் ஜெயித்தாய் தம்பி?’ என்றேன். குத்திக்காட்ட இல்லை, எழுத்து அளவு தெரிந்துகொள்ளத்தான் பேச்சுக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ‘பத்தாம் வகுப்புக் கணக்கு. மூன்றாவது தடவை’ என்றான். ‘கணக்கு: மூன்றாவது தடவையில் தேறினேன்’ என்று மஞ்சள் மையில் அடித்துக்கொடுத்தேன். அடுத்த வாரம் அவனுடைய கூட்டாளிகள் நான்கு பேர் வந்தார்கள். ஆளுக்கொரு பாடம், ஆளுக்கொரு எண்ணிக்கை. ஒருவன் ‘ஆங்கிலம்: இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்’ என்று கேட்டு வாங்கினான். அந்த மஞ்சள் மை அவர்களாலேயே தீர்ந்தது. தொண்டியிலிருந்து ஓர் அம்மா ‘ஐம்பது வயதில் ஓட்டுநர் உரிமம்’ என்று கேட்டார். ‘படகுக் கடன் அடைத்தாயிற்று’ என்று கேட்டு வந்த இன்னொருவரிடம் நான் கூலி வாங்கவில்லை.

கிளாட் ஸ்டீல் என்ற உளவியலாளர் 1988இல் தன்னுறுதி பற்றிச் சொன்னதும் பலர் நினைப்பது போல ‘நான் பெரிய ஆள்’ என்று ஓதுவது அல்ல. உங்களுக்கு எது முக்கியமோ அதை நினைவுக்குக் கொண்டுவருவது: குடும்பம், கைத்தொழில், நாணயம், எதுவாகவும் இருக்கலாம். அதை வைத்தும் எழுதலாம். நான்கைந்து சொல்லுக்கு மேல் வேண்டாம். ஓடுகிற பஸ்ஸில் அதற்கு மேல் யாரும் படிப்பதில்லை.

8. தமிழில் போடுவதா, ஆங்கிலத்திலா? ஆங்கிலத்தில்தான் கெத்தாக இருக்கிறது என்கிறார்களே?

ஆங்கிலத்தில் கெத்து இருக்கிறதோ இல்லையோ, பாதுகாப்பு இருக்கிறது. பெரிய சொல்லைச் சொல்லிவிட்டு, படித்தவர்கள் பாதிப் பேர்தான் என்று தப்பித்துக்கொள்ளலாம். ‘நான் துணிந்தவள்’ என்று தமிழில் போட்டுத் தெருவில் நடந்து பாருங்கள். அதற்கே ஒரு துணிவு வேண்டும்.

தமிழில் இன்னொரு வசதி. ‘நான்’ என்பதை எழுதவே தேவையில்லை. ‘தேறினேன்’ என்றால் அந்த ‘ஏன்’ விகுதியிலேயே ஆள் இருக்கிறார். இடமும் மிச்சம், தற்பெருமையும் கொஞ்சம் குறையும். அப்பர் பாடிய ‘நாமார்க்கும் குடியல்லோம்’ என்பதை இராமேசுவரம் வரும் அடியார் கூட்டங்கள் சில சட்டையில் அச்சடிக்கக் கேட்பது உண்டு. ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு முந்திய அந்த வீறாப்பு ‘நான்’ என்று ஆரம்பிக்கவில்லை, ‘நாம்’ என்றுதான் ஆரம்பிக்கிறது. முப்பது பேர் போட்டால்தான் அழகாக இருக்கும் வரி அது.

எச்சரிக்கை ஒன்று: புள்ளி. வினைல் வெட்டி ஒட்டும் முறையில் தமிழ்ப் புள்ளிதான் முதலில் உதிரும். நான்கு சலவையில் ‘அச்சமில்லை’ என்பது ‘அசசமிலலை’ ஆகிவிடும். ஒன்றிரண்டு சட்டை என்றாலும் புள்ளி பருமனான எழுத்துருவாகப் பாருங்கள். ‘முயற்சி’யில் ‘ற்’றுக்குப் பின் ‘ச்’ கிடையாது என்பதை நான் தினமும் ஒருவரிடமாவது சொல்கிறேன். பாதிப் பேர் நம்புவதில்லை.

9. அம்மா பாசி எடுக்கப் போகும்போது என்னவோ ஆங்கிலம் போட்ட பனியனைப் போட்டுக்கொண்டு போகிறாள். பொருள் தெரியாமல் போடுவது தவறா?

பாம்பன், சின்னப்பாலம் பக்கம் கடற்பாசி எடுக்கப் போகும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். சேலைக்கு மேல் ஒரு டி-ஷர்ட் அல்லது ஆண்கள் சட்டை, கண்ணுக்கு நீச்சல் கண்ணாடி, பாறை கிழிக்காமல் விரல்களில் சுற்றிய துணி, காலில் செருப்பு, பாசி சேர்க்க ஒரு பை. மூச்சைப் பிடித்துக்கொண்டு மூழ்கி மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்ற பாசி வகைகளைப் பிய்த்துக்கொண்டு மேலே வருகிறார்கள். அந்த டி-ஷர்ட் மகன் போட்டுக் கழித்ததாக இருக்கும், தேர்தலில் கொடுத்ததாக இருக்கும், சந்தையில் கட்டுக்கட்டாக வந்திறங்கும் ஏற்றுமதி மிச்சமாக இருக்கும். என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து எடுப்பதில்லை. முழுக்கையா, துணி கனமில்லையா என்றுதான் பார்க்கிறார்கள். முழுப் பருத்தி என்றால் தண்ணீரைக் குடித்துவிட்டு ஆளை இழுக்கும்.

இந்தக் கேள்வியைக் கேட்ட மகள் அந்தப் பனியனையும் கொண்டுவந்திருந்தாள். படித்துப் பொருள் சொன்னேன்: ‘சோம்பல் என் முழுநேரத் தொழில்’. விடியற்காலையில் கிளம்பி மதியம் வரை கடலுக்குள் கிடக்கிறவரின் நெஞ்சில். மகளுக்கு அழுகையே வந்துவிட்டது. இதை அழித்துவிட்டு அம்மாவைப் பற்றி நல்லதாக ஒன்று எழுதித் தரவேண்டும் என்றாள். ‘அம்மாவிடம் கேட்டுக்கொண்டு வா’ என்று அனுப்பினேன். மறுநாள் அம்மாவே வந்தார். பொருளைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். ‘துணி நன்றாகத்தானே இருக்கிறது? எழுத்தா என்னைத் தண்ணீருக்கு மேலே கொண்டுவருகிறது?’ என்று கேட்டுவிட்டு, அதையே திருப்பி வாங்கிக்கொண்டு போனார். கூடப் போகும் பெண்களுக்கும் இப்போது பொருள் தெரியும். அவர்கள் அவரை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

தவறா என்றால் தவறில்லை. ஆபாசமாக ஏதாவது இருந்துவிடுமோ என்று பயந்தால் படித்த ஒருவரிடம் காட்டிக்கொள்ளுங்கள். என் கடைக்கும் கொண்டுவரலாம். அதற்குக் காசு கிடையாது.

10. பெண் பிள்ளை நெஞ்சில் எழுத்துப் போட்டுக்கொண்டு போகலாமா லாத்தா? படிக்கிறேன் என்று வெறித்துப் பார்ப்பார்களே?

கீழக்கரையிலிருந்து மகளோடு வந்த ஒரு வாப்பா, அதாவது அப்பா, கேட்டது. லாத்தா என்றால் அக்கா. அவர் பயம் பொய்யில்லை. எழுத்து எங்கே இருக்கிறதோ அங்கே கண் போகும், போன கண் சிலருக்குத் திரும்பாது. குற்றம் கண்ணுடையது. ஆனால் அதைச் சுமந்துகொண்டு நடப்பது பிள்ளை. ஆகவே நான் வாப்பாவுக்குப் பதில் சொல்லவில்லை. ‘உனக்கு எங்கே வேண்டும்?’ என்று பிள்ளையிடம்தான் கேட்டேன்.

அவளுக்குச் சட்டையே வேண்டாமாம். கல்லூரிக்குக் கொண்டுபோகும் துணிப்பையில் வேண்டுமாம். வாப்பாவிடம் கேட்கச் சொல்லி இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாளாம். துப்பட்டா முனை, பை, தோளுக்குக் கீழே கை என்று இடம் எத்தனையோ இருக்கிறது. நெஞ்சில்தான் வேண்டும் என்று கேட்கும் பெண்களுக்கு அங்கேயே அடித்துத் தருகிறேன். நான்காம் பதிலில் சொன்ன கால்வாசிக் கணக்கை மட்டும் இந்தக் கேள்விக்குக் கொண்டுவரமாட்டேன். கார்னெல் ஆய்வு வெறிப்பவர்களைப் பற்றியதல்ல.

11. எங்கெல்லாம் போடக்கூடாது?

நேர்முகத் தேர்வுக்கு வேண்டாம். உங்களைப் பற்றி நீங்கள் சொல்லத்தான் நாற்காலி போட்டிருக்கிறார்கள், சட்டை முந்திக்கொள்ளக் கூடாது. துக்க வீட்டுக்கு வேண்டவே வேண்டாம். ‘இன்றுதான் என் நல்ல நாள்’ என்ற சட்டையோடு ஒருவர் பாடைக்குத் தோள் கொடுத்ததைப் பார்த்தேன். பாவம், கேள்விப்பட்டதும் போட்டது போட்டபடி ஓடிவந்திருக்கிறார். அச்சடித்தது நான்தான்.

12. கலாம் ஐயா சொன்னது என்று பெயர் போட்டு ஒரு வரி அடித்துத் தரமுடியுமா?

அவர் சொன்னதுதான் என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தால் தருகிறேன். வாட்ஸ்அப்பில் வந்தது என்றால் வரியை மட்டும் அடித்துத் தருவேன், பெயரைப் போடமாட்டேன். ஒரே வரியை ஒரு வாரம் கலாம் பெயரிலும் மறு வாரம் விவேகானந்தர் பெயரிலும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கலாம் இராமேசுவரத்தில் பிறந்தவர், பேய்க்கரும்பில் 2017இல் திறந்த நினைவிடம் இருக்கிறது. விவேகானந்தர் மேல்நாட்டுப் பயணம் முடித்துத் திரும்பியபோது 1897 ஜனவரி 26 அன்று பாம்பனில் வந்து இறங்கினார். இரண்டு பேருமே இந்தக் கரையோடு சொந்தம் உள்ளவர்கள். அவர்கள் சொல்லாததை அவர்கள் ஊரிலேயே அச்சடிக்க எனக்குக் கை வரவில்லை.

13. அண்ணன் சோர்ந்து போயிருக்கிறான். ‘உன்னால் முடியும்’ என்று எழுதிப் பரிசாகக் கொடுக்கலாமா?

கொடுப்பதற்கு முன் யோசியுங்கள். தானே கேட்டு வாங்கினால்தான் அது தன்னம்பிக்கை வாசகம். அடுத்தவர் வாங்கிக் கொடுத்தால் அறிவுரை. அதுவும் தினமும் உடம்பில் மாட்டிக்கொள்ளச் சொல்லும் அறிவுரை. ‘நான் முடியாமல் இருக்கிறேன் என்று வீட்டில் எல்லோரும் பேசியிருக்கிறார்கள்’ என்றுதான் அவருக்குப் படும். நல்ல துணியில் வெறும் சட்டை வாங்கிக் கொடுங்கள். நாலு நாள் சென்று அவரே ஏதாவது எழுதவேண்டும் என்றால் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

14. உப்புக் காற்றில் எழுத்து வெடித்துவிடுகிறதே, எத்தனை நாள் நிற்கும்?

உப்புக் காற்றைக் குறை சொல்லாதீர்கள். சட்டையில் அடிக்கும் பிளாஸ்டிசால் என்ற மை சுமார் 160 டிகிரி செல்சியஸ் சூட்டில் சரியாக வெந்திருக்கவேண்டும். வேகாத மைதான் வெடிக்கும், அது அச்சடித்தவர் தவறு. அதற்கு மேல் நம் ஊர் உவர்த் தண்ணீர். சோப்பு நுரைக்கவில்லை என்று கல்லில் போட்டு அடிக்கிறீர்கள். உள்பக்கம் வெளியே வரத் திருப்பித் துவையுங்கள், நிழலில் காயப்போடுங்கள், எழுத்தின் மேல் நேராக இஸ்திரி வைக்காதீர்கள்.

15. எழுதியது பொய்யாகிப் போனால் என்ன செய்வது?

போலீஸ் தேர்வுக்குத் தயாரான ஒரு பையன் ‘தொட்டதெல்லாம் துலங்கும்’ என்று போட்டுக்கொண்டு திரிந்தான். ஏழாம் பதிலில் சொன்னதை அவனிடமும் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. ஓட்டத்தில் சில விநாடிகளில் போய்விட்டது. சட்டையைச் சுருட்டி எறிந்துவிட்டான். அவன் அம்மா எடுத்துக்கொண்டு வந்து ‘இதை அழித்துத் தர முடியுமா?’ என்றார். வெந்த மையை அழிக்க முடியாது. வேண்டுமானால் மேலே கறுப்புப் பட்டை அடித்து மறைக்கலாம் என்றேன். பட்டை போட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று எல்லோரும் கேட்பார்களே என்றார். அதுவும் சரிதான்.

இப்போது அந்தச் சட்டை அவர்கள் வீட்டு மொபெட்டைத் துடைக்கிறது. பையன் கடற்கரையில் வெறும் பனியனோடு ஓடிக்கொண்டிருக்கிறான். காலை ஐந்தரைக்குப் போனால் பார்க்கலாம்.

16. நீங்கள் ஏன் எழுத்துப் போட்ட சட்டை போடுவதில்லை?

போடுகிறேன். கடையில் நிற்கும்போது சுடிதாருக்கு மேல் மாட்டிக்கொள்வது கழிவுச் சட்டைதான். அச்சுப்பிழை வந்து ஆர்டரில் சேர்க்க முடியாமல் போனவை. தற்போது போட்டிருப்பது ஒரு பயிற்சி மையத்துக்காக அடித்தது. ‘தன்னம்பிக்கையே முதல் படி’ என்று வந்திருக்கவேண்டும். மை இறங்கும் அச்சுத் திரையில் ‘ம்’ அடைத்துக்கொண்டு ‘தன்னபிக்கையே’ என்று விழுந்துவிட்டது. முப்பதில் பதினொன்று அப்படி.

நான்காம் பதிலில் சொன்ன கணக்கு எழுத்துப் பிழைக்குப் பொருந்தாது. கடைக்கு வருகிற அத்தனை பேரும் கவனிக்கிறார்கள், அத்தனை பேரும் திருத்துகிறார்கள். ‘முயற்ச்சி’ என்று அடிக்கச் சொல்லிச் சண்டை போடுகிறவர்கள் உட்பட.